மேலகரத்தில் இருமிய பஸ்

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் எந்த எஞ்சினும் என்னை ஏமாற்றியது கிடையாது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஓடிய அந்தப் பழைய பெட்ரோல் பஸ் இன்றைக்கும் என் ஷெட்டில் நிற்கிறதென்றால், அதற்கு என் மூளைதான் காரணம்.

ஐம்பதுகளின் கடைசி. நான் அதற்கு மெக்கானிக். சாரல் காலத்தில், குற்றாலத்திலிருந்து திரும்பும் காலை டிரிப்பில், மேலகரம் பக்கம் வந்ததும் இருமி நின்றுவிடும். கால் மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். வெயில் காலத்தில் இந்தச் சேட்டையே இல்லை.

"நான் ஏறுத அன்னைக்கெல்லாம் நிக்கி. ஊரே சிரிக்கி. இன்னொருக்க நின்னா உடைக்கக் குடுத்துருவேன்" என்றார் முதலாளி.

திருநெல்வேலியிலிருந்து வந்த பெரிய ஃபிட்டர், மழை ஈரம் இறங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நம்பவில்லை. கொட்டும் மழையில் வண்டியை நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. அப்போதுதான் முதலாளி சொன்னது உறைத்தது. அவர் ஏறினால் மட்டும் ஏன் நிற்கவேண்டும்? அப்படி என்னத்தைக் கொண்டு ஏறுகிறார்?

மறுநாள் அவர் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்தேன். அருவியில் குளித்துவிட்டு வந்தவர் முன் சீட்டில் அமர்ந்தார். டிரைவருக்குப் பக்கத்தில் சூடாக இருக்கும் எஞ்சின் மூடிமேல் ஈரத்துண்டை உதறி விரித்தார். அதன்மேல் ஈரவேட்டி. இரண்டையும் தடவி வேறு விட்டார். மூடியில் ஒரு ஆணி கழன்ற ஓட்டை. அதற்கு நேர் கீழே, எஞ்சினுக்குப் பொறி பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர். அதில் ஈரம் சொட்டினால் பொறி செத்துவிடும்; எஞ்சின் சூட்டில் காய்ந்ததும் திரும்ப வரும்.

மேலகரம் தெரிந்தது. பாய்ந்து இரண்டையும் சுருட்டினேன்.

"ஏலே! துணிய எதுக்குலே எடுக்க?"

"முதலாளி, வண்டிய நிப்பாட்டுதது நீங்கதான்."

ஓட்டையையும் அதன் விளிம்பில் திரண்டு நின்ற ஈரத்தையும் காட்டினேன். மேலகரம் வந்தது, போனது. ஒரு இருமல்கூட இல்லை. தென்காசியில் இறங்கும்போது முதலாளி அந்த ஈரச் சுருட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அப்போ இத எங்கன காயப்போடுதது?"

அன்றைக்கே ஓட்டையை அடைத்தேன். பின் சீட்டுக்கு மேலே குறுக்காக ஒரு கொடிக்கயிறும் கட்டினேன். துணி காயப்போடக் கொடி உள்ள பஸ் அந்த ராஜ்யத்திலேயே எங்களுடையது ஒன்றுதான். சீசனுக்கு வந்தவர்கள் மற்ற பஸ்ஸை விட்டுவிட்டு இதற்காகக் காத்துக் கிடந்தார்கள்.

பல வருஷம் ஓடிய பிறகு டீசல் வண்டி வந்தது. அப்போதும் முதலாளி இதை உடைக்க விடவில்லை. "நீயே வச்சுக்கோ. ஒனக்குத்தான் அது பேச்சு புரியுது" என்றார்.

ஆடி மாதம் வந்தால் இப்போதும் ஸ்டார்ட் செய்து பார்க்கிறேன். ஒரே இழுப்பில் உறுமும். கொடியும் அப்படியே இருக்கிறது. என் துண்டு அதில்தான் காய்கிறது.