உப்பு மூட்டை

மூட்டையை ஒருமுறை கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் அன்புச்செல்வி அதைக் கேமராவில் கட்டுவாள். பல மார்கழிகளாக இதே வழக்கம். வறுத்த கல்லுப்பு, அதை முடிந்த பழைய வேட்டித்துணி. லென்ஸைச் சுற்றிக் கட்டினால் பனி படியாது. ஆறிப்போனால் அம்மா சவுரியம்மாள் இன்னொன்று வறுத்து மாடிக்குக் கொண்டுவருவாள். மகளின் காதுவலிக்கு ஒத்தடம் கொடுத்த கை அது.

அன்புச்செல்வி இயற்பியல் படித்தவள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி. பகலில் திண்டிவனத்து ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்கிறாள். இருட்டினால் மாடியில் எரிகல்லைப் படம்பிடிக்கிறாள். லென்ஸுக்கு முன்னால் நுண்கோடுகள் கீறிய தகடு ஒன்றைப் பொருத்தியிருக்கிறாள். விழும் எரிகல்லின் ஒளி அதில் நிறம் நிறமாகப் பிரிந்து படத்தில் பதியும். பச்சைக் கோடு மெக்னீசியம், மஞ்சள் சோடியம்.

“உப்புல இருக்கறதுதாம்மா அந்த மஞ்சள்.”

“மேலயும் உப்பு இருக்குதா!”

பக்கத்து மாடியிலிருந்து ஜெயம் கேட்பாள்: “ஏண்டி, வானத்துக்குச் சுளுக்கா? ஆத்தாளும் மவளும் ஒத்தடம் குடுத்துக்கினு இருக்கீங்க!”

மூவரில் அன்புச்செல்விதான் பெரிதாகச் சிரிப்பாள்.

போன மாதம் ஒரு பெரிய எரிகல் விழுந்தது. அதன் தடம் அணையாமல் ஒளிர்ந்து, மேல்காற்றில் பாம்பாக நெளிந்தது. அந்தப் படத்தைப் பார்த்த விழுப்புரத்துக் கல்லூரி ஒன்று அவளைப் பேச அழைத்தது. இருந்ததில் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு அம்மாவும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

பேச்சு முடிந்ததும் பேராசிரியர் ஒருவர் கேட்டார்: “இந்தப் பனியில லென்ஸ் மங்காம எப்படிம்மா பார்த்துக்கறீங்க?”

சவுரியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அன்புச்செல்வி அதைப் பார்த்தாள். ஏசி அரங்கையும் பார்த்தாள்.

“ஹீட்டர் வெச்சிருக்கேன் சார்.”

எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினாள்.

திரும்பும்போது பஸ் முண்டியம்பாக்கம் தாண்டியது. “ஹீட்டர் எப்போ வாங்கின? சொல்லவே இல்லியே” என்றாள் அம்மா. குரலில் குத்தல் இல்லை, அதுதான் குத்தியது. அன்புச்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எந்த ஹீட்டர் என்று கேட்டுப் பேராசிரியர் அனுப்பிய செய்தி இன்னும் போனில் கிடக்கிறது. ‘எங்கம்மா’ என்று அடிப்பாள், அழிப்பாள்.

நேற்றும் பொழுது சாய்ந்ததும் சவுரியம்மாள் மூட்டையோடு படியேறி வந்தாள். “ஹீட்டர் வர்ற வரைக்கும் இது இருக்கட்டும். ஜல்தி கட்டு, ஆறிடப்போவுது.”

அன்புச்செல்வி வாங்கிக் கன்னத்தில் வைத்தாள். லென்ஸில் பனி மங்கலாகப் படியத் தொடங்கியது. அவள் மூட்டையைக் கன்னத்திலிருந்து எடுக்கவில்லை.