பாணும் ஓட்டமும்

அப்போது நான் ஆக்லாந்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒளித்துவைத்த விதி ஒன்றைக் கணினி கேள்வி கேட்டுக் கேட்டே கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் ஆய்வு. இந்த உதாரணம் விதிக்குள் வருமா என்று கேட்கலாம். இதுதான் விதியா என்றும் கேட்கலாம். பிழையென்றால், நம் விதியை உடைக்கிற உதாரணம் ஒன்று பதிலாக வரும். அதை வரமென்று வாங்கிக்கொள்வேன்.

மாசியில் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஓடிக்கொண்டிருந்த என் கணவர் தொண்டை வீங்கி விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்ததால் பிழைத்தார். ஒவ்வாமை என்றார் டாக்டர். அவசரத்துக்குத் தொடையில் குத்த ஊசி ஒன்றைத் தந்தார். எதனால் என்று அறியச் சோதனை வேண்டும், அதற்கு அழைத்துக் கடிதம் வரும் என்றார். கடிதம் வரவே இல்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இறால், கடலை, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் பயந்தேன். அவர் செருமினாலே ஊசியைத் தேடுவேன். கடைசியில் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தேன். பாண், அந்தக் கோதுமை ரொட்டி, அவர் தினமும் தின்பதுதான். ஓட்டமும் தினமும்தான், ஆனால் எப்போதும் வெறும் வயிற்றோடு. அன்று மட்டும் பாண் தின்றுவிட்டு ஓடியிருந்தார். தனித்தனியே ஒன்றுமில்லை, இரண்டும் சேர்ந்தால்தான் ஆபத்து. ஒருமுறை கேட்டால் தெரிந்துவிடும் என்று அவரிடம் சொன்னேன். அவர் பாண் தின்றுவிட்டு மறுபடி ஓடிப் பார்ப்பதுதான் அந்தக் கேள்வி; அதைக் கேட்கிற துணிவு எனக்கு இல்லை.

மறுவாரம் குளித்துவிட்டு வந்தேன். தட்டில் பாண் துகள். வாசலில் அவர் ஓடப் போட்டுக்கொள்ளும் சப்பாத்தைக் காணோம். ஊசி மேசையிலேயே கிடந்தது, அந்த மனிதருக்கு அதுகூட நினைவில்லை. எடுத்துக்கொண்டு பூங்காவுக்கு ஓடினேன். நிற்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் நிற்கவில்லை.

"நீர்தானே சொன்னனீர், ஒருக்காக் கேட்டால் தெரியும் எண்டு. ஒவ்வொரு வாய்க்கும் பயந்து பயந்து என்னால சீவிக்கேலாது."

இன்னும் ஒரு சுற்று ஓடினார். பிறகு கழுத்தைச் சொறிந்தார், உதடு தடித்தது, புல்லில் உட்கார்ந்துவிட்டார். ஊசி என் கையில் இருந்தது. நான் குத்தினேன்தான். ஆனால் குத்துவதற்கு முன் ஒரு கணம், என் விதி சரி என்று எனக்குச் சந்தோஷம் வந்தது. அந்தக் கணம் முழுவதும் கை அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "அப்ப உம்மட விதி சரிதானே?" என்று சிரித்தார்.

ஓம் என்றேன். அவருடைய பயம் அன்றோடு போய்விட்டது. எனக்கு என்மேல் வந்த பயம் இன்னும் போகவில்லை.