பட்டறைக்காரர் டீ குடிக்கும் நேரம்

மறுநாள் காலை சூளகிரியில் ஒரு கம்பெனியில் அக்காவுக்கு இன்டர்வியூ. டிப்ளமோ படித்தபோது வரைந்த மெஷின் டிராயிங்கைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அது எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. அன்றைக்கென்று பார்த்து ஹார்ட் டிஸ்க் 'டக், டக்' என்றது. திரை உறைந்தது.

எனக்குக் கை பரபரத்தது. கேபிளை மாற்றினேன். மாற்றியதையே மறுபடி மாற்றினேன். டிஸ்க்கைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கினேன்.

"அதென்னடா, தேங்காயா?" என்றாள் அக்கா.

"டிஸ்க் போச்சுக்கா. ஃபார்மட் பண்ணிப் பாக்கலாம்."

"பண்ணுனா என் டிராயிங்கு?"

டிஸ்க்கை மறுபடி மாட்டி ஆன் செய்தேன். அவள் மவுஸைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

சும்மா உட்கார வேண்டியதாயிற்று. அப்போதுதான் கவனித்தேன். பக்கத்து வெல்டிங் பட்டறையில் பொறி பறக்கும்போதெல்லாம் எங்கள் டியூப்லைட் மங்கியது, மங்கும்போதெல்லாம் 'டக்'. இரண்டு இடத்துக்கும் ஒரே லைன். யுபிஎஸ் எப்போதோ செத்துவிட்டது. கரண்ட் இறங்கும்போது பழைய பவர் சப்ளையால் தாங்க முடியவில்லை. டிஸ்க் நின்று நின்று ஓடியது.

"அக்கா, டிஸ்க் நல்லாத்தான் இருக்குது! வெல்டிங் நின்னா போதும்!"

பட்டறைக்கு ஓடி, கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். "டீ குடிக்கிற வரைக்குந்தான் தம்பி. லோடு ஏத்த வண்டி வந்துரும்" என்றார் பட்டறைக்கார அண்ணன்.

திரும்ப ஓடிவந்து ஆன் செய்தேன். விண்டோஸ் ஆடி அசைந்து வந்தது. டிராயிங் ஃபோல்டரைப் பென் டிரைவுக்கு இழுத்துவிட்டேன். பச்சைக் கோடு நகர்கிறதா என்றே தெரியவில்லை. என் கால் தானாக ஆடியது.

"கால ஆட்டாத. மேஜையே ஆடுது."

ஜன்னல் வழியே பார்த்தால், அண்ணன் கடைசி மடக்கைக் குடித்துவிட்டு வெல்டிங் முகமூடியைக் கையில் எடுத்துவிட்டார். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் வீட்டில் பேசும் கன்னடத்திலேயே ஆரம்பித்தாள். "அண்ணா, ஐது நிமிஷ!" என்று ஐந்து நிமிஷம் கேட்டாள். அவர் வீட்டம்மாவின் முட்டிவலி, பெங்களூரு மழை, அவர் செய்துகொண்டிருந்த கேட்டின் டிசைன் என்று போய்க்கொண்டே இருந்தாள். அவர் தெருவில் எதிரே வந்தால்கூடத் தலையைக் குனிந்துகொண்டு போகிறவள்.

அவர் சிரித்துக்கொண்டே தமிழில் கேட்டார். "ஏம்மா, இன்னிக்கி என்ன இவ்ளோ பாசம்?"

கோடு முடிந்தது. நம்பிக்கையில்லாமல் பென் டிரைவிலிருந்தே டிராயிங்கைத் திறந்தேன். முழுசாக வந்து நின்றது.

"வந்துருச்சுக்கா!"

அக்கா பேச்சைப் பாதியில் விட்டுத் திரும்பினாள். வெளியே பொறி பறந்தது. 'டக்'. டிராயிங் அப்படியே திரையில் உறைந்தது.

அவள் பென் டிரைவைப் பிடுங்கி, சர்ட்டிபிகேட் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "இதத் தொட்டின்னா கைய ஒடச்சுருவேன்."

எனக்கு எங்கே நேரம்? அதற்குள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் சப்ளையின் இரண்டாவது ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.