பெரியவரைக் கொதிக்கவைத்த சிஸ்டர்

சிஸ்டர் முப்பத்தோரு ஆண்டுகள் அறுவை அரங்கில் நர்ஸாக வேலை பார்த்தவள். ஓய்வுபெற்று ஆறு ஆண்டுகள் ஆகியும் தெருவில் யாரும் அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள், "கையைக் கழுவிட்டு வா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். குத்தப்போகிறவள் நீதானே, நான் ஏன் கழுவ வேண்டும் என்று இதுவரை ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை.

அவள் கணவர் பேருந்து ஓட்டியவர். பிரசவ வலியில் துடித்த பயணி ஒருத்தியைப் பேருந்தோடு மருத்துவமனை வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்தவர். "ஆம்புலன்ஸ் நிக்கிற இடத்துல பஸ்ஸை நிறுத்தச் சொன்னது யாரு?" என்று சிஸ்டர் போட்ட சத்தம்தான் இருவருக்கும் முதல் பேச்சு. அந்தச் சத்தம் இன்னும் ஓயவில்லை. மற்றபடி நல்ல குடித்தனம்.

டிரைவருக்கு ஒரே ஒரு பித்து. சமையலறை ஜன்னலோரம் ஒரு கண்ணாடிச் சாடி. அதில் துருவிய இஞ்சி, சர்க்கரை, தண்ணீர். தினம் ஒரு கரண்டி இஞ்சியும் ஒரு கரண்டி சர்க்கரையும் போட்டுக் கலக்கினால் தானாகப் புளித்து நுரைக்கும். அந்த நீரில் கொஞ்சம் எடுத்து, இனிப்பான இஞ்சித் தண்ணீரில் கலந்து, இறுக்கமாக மூடும் பாட்டிலில் இரண்டு மூன்று நாள் வைத்தால், திறக்கும்போது 'டப்' என்று கேட்கும். கடை சோடா பிச்சை வாங்கவேண்டும். தயிருக்கு உறை எப்படியோ, இந்தப் பானத்துக்கு அந்தச் சாடி. அதற்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்திருந்தார். வயது பதினொன்று என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையடிப்பார்.

இந்த நேரத்தில்தான் டிரைவரின் வலது கண்ணில் விழித்திரை பிய்ந்துகொண்டது. அறுவை செய்த டாக்டர் கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழியை ஏற்றி அனுப்பினார். அந்தக் குமிழி விழித்திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் தலை கவிழ்ந்தே இருக்கவேண்டும். பன்னிரண்டு நாள். படுத்தால் குப்புற, உட்கார்ந்தால் முகம் தரையைப் பார்த்து. தலை நிமிர்ந்தால் ஒட்டியது பிய்யும். பிய்ந்தால் அந்தக் கண் அவ்வளவுதான்.

குப்புறப் படுத்துக்கொண்டு டிரைவர் தரைக்குச் சொன்னார்: "என்னை எப்படி வேணா பாரு. பெரியவரைப் பத்திரமா பாத்துக்க."

"நாலு ஆபரேஷன் தியேட்டரைப் பாத்தவ, ஒரு சாடியைப் பாக்க மாட்டேனா?"

பார்த்தாள். சாடியின் அடியில் வெள்ளையாக வண்டல் படிந்திருந்தது. அறுவை முடிந்த ஆள் இருக்கும் வீட்டில் இப்படி ஓர் அழுக்கா? வண்டலைக் கொட்டினாள். மேலே நின்ற நீரை வடிகட்டி, பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டாள். சாடியையும் பாட்டில்களையும் மூடியோடு வெந்நீரில் போட்டு எடுத்தாள். புது இஞ்சியைத் தோல் துளியும் இல்லாமல் சீவினாள். புளிக்கவைப்பது எது என்று பாடத்தில் படித்தவள்தான். ஆனால் முப்பத்தோரு ஆண்டு பழகிய கை தலையைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை.

மூன்றாம் நாள் சாடியில் ஒரு குமிழிகூட இல்லை.

"பெரியவர் எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார்."

"சத்தம் வருதா? ஸ்ஸ்ஸுன்னு?"

"உங்களைவிடக் கம்மியாத்தான் பேசறார்."

"ஒரே நிமிஷம். எந்திரிச்சு ஒரு பார்வை பாத்துட்டு..."

"தலையைத் தூக்கினீங்க, பிடரியில மணல் மூட்டையைக் கட்டிடுவேன்!"

அவளுக்கு ஆளைத் தெரியும். இன்ஜினில் ஏதோ முனகுகிறது என்று நூற்றிரண்டு காய்ச்சலோடு பணிமனைக்கு ஓடிய மனிதர். பெரியவர் போய்ச் சேர்ந்தார் என்று காதில் விழுந்தால் அடுத்த நொடி சமையலறையில் நிற்பார், கண்ணை இழந்துவிட்டு. ஆகவே சிஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தாள். இந்தக் கண் ஒட்டும்வரை பெரியவர் சாகவில்லை.

நான்காம் நாள் பிற்பகல், டிரைவரோடு பணிமனையில் இருந்த மெக்கானிக் நலம் விசாரிக்க வந்தான். வயதில் சின்னவன், இவளை அண்ணி என்பான். கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டி, "அண்ணே, கண்ணுக்குள்ள காத்தாமே! எத்தனை பவுண்டு அடிச்சிருக்காங்க?" என்று கேட்டுச் சிரிக்கவைத்தான். சிஸ்டர் அவன் சட்டையைப் பிடித்து சமையலறைக்கு இழுத்துப்போனாள். அவன் சாடியை மோந்து பார்த்தான்.

"என்ன அண்ணி பண்ணீங்க?"

ஒன்று விடாமல், ஷிஃப்டு மாறும்போது ஒப்படைப்பதுபோலச் சொன்னாள். மெக்கானிக் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அவிச்ச நெல்லை விதைச்சிட்டு மழையைத் திட்டற கதையால்ல இருக்கு!"

"சிரிச்சது போதும். கிருமியைக் கொன்னுதான் எனக்குப் பழக்கம். வளர்த்துப் பழக்கமில்ல. வழி சொல்லு."

"புதுசா ஆரம்பிக்கணும். ஆனா எல்லாத்தையும் ஒண்ணா மாத்தாதீங்க. வண்டி நின்னா நாங்க ஒரு தடவைக்கு ஒண்ணைத்தான் மாத்துவோம். இல்லாட்டி எதுல கோளாறுன்னு ஜென்மத்துக்கும் தெரியாது."

இந்தப் பேச்சு சிஸ்டருக்குப் பிடித்தது. மூன்று சாடிகள் வைத்தாள். முதலாவதில் தோல் சீவிய இஞ்சி, காய்ச்சி ஆறிய தண்ணீர். இரண்டாவதில் தோலோடு இஞ்சி, மருந்து வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீர். மூன்றாவதில் தோலோடு இஞ்சி, காய்ச்சி ஆறிய தண்ணீர். ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதினாள். துணி அலமாரியில், போர்வைகளுக்கு நடுவே கதகதப்பாக வைத்து, காலையும் மாலையும் பார்த்து நோட்டில் குறித்தாள்.

"துணி அலமாரியை ஏன் இத்தனை தடவை திறக்கறே?" என்று தரை கேட்டது.

"உங்களுக்குப் போர்வை மாத்தத்தான்."

"இன்னிக்கு மூணாவது போர்வை இது. எனக்கென்ன பேதியா?"

எட்டாம் நாள் காலை மூன்றாவது சாடியின் மேல் மெல்லிய நுரை. காதை வைத்தால் எண்ணெய்ச் சட்டியில் கடுகு அடங்குவதுபோல் சத்தம். இரண்டாவது அரைத் தூக்கத்தில் இருந்தது. முதலாவது பிணம். உயிர் தோலில்தான் இருக்கிறது, குழாய்த் தண்ணீரில் உள்ள மருந்து அதை மந்தமாக்குகிறது என்று நோட்டில் எழுதி அடிக்கோடிட்டாள்.

ஒன்பதாம் நாள் பாட்டிலில் அடைத்தாள். பத்தாம் நாள் மூடியோரம் ஈரம் கசிந்தது. கூப்பிட்டதும் மெக்கானிக் வந்தான். டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோல் பாட்டிலின் கழுத்தை வாளித் தண்ணீரில் முக்கினான். மூடியைச் சுற்றிக் குமிழி முத்துமுத்தாகக் கிளம்பியது.

"வாஷர் வெறைச்சுப் போச்சு. இதையும் அவிச்சீங்களா?"

"எல்லாத்தையும்தான் அவிச்சேன். உன்னையும் அவிக்கறதுக்குள்ள மாத்து."

புது வாஷர் போட்ட பிறகு பாட்டில் காற்றைப் பிடித்துக்கொண்டது. தினம் ஒருமுறை, கைக்குழந்தைக்கு ஏப்பம் எடுப்பதுபோல, மூடியை லேசாகத் தளர்த்தி மூடினாள்.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் கண்ணைப் பார்த்தார். விழித்திரை ஒட்டிக்கொண்டது, தலையைத் தூக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்த டிரைவர் நாற்காலியைக்கூடப் பார்க்கவில்லை. நேரே ஜன்னலுக்குப் போனார். அங்கே 'மூன்று' என்று பிளாஸ்திரி ஒட்டிய சாடி.

சிஸ்டர் சுற்றி வளைக்கவில்லை. "உங்க பெரியவர் செத்துட்டார். நான்தான் கொன்னேன். முதல் நாளே, கொதிக்கவச்சு. இது வேற."

டிரைவர் சாடியைப் பிடித்தபடி நின்றார். தோள் குலுங்கியது. அழுதால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுமே என்று சிஸ்டர் பதறி முகத்தைத் திருப்பினாள். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"முதல் பெரியவருக்குள்ள எறும்பு புகுந்துடுச்சு. ரெண்டாமவரை, நாம உன் தங்கச்சி வீட்டுக்குப் போன பத்து நாள்ல பட்டினி போட்டுக் கொன்னேன். நீ அவிச்சது மூணாமவர். அவருக்கு வயசு எட்டு மாசம்."

"அடப்பாவி மனுஷா! ஆபரேஷன் டேபிள்ல படுத்துக்கிட்டு டாக்டர்கிட்டகூடப் பதினோரு வருஷம்னீங்களே!"

"இன்ஜின் மாத்தினா பஸ் புதுசாயிடுமா?"

சிஸ்டர் பாட்டிலை எடுத்துத் திறந்தாள். 'டப்'. நுரை பீறிட்டு மேலே போனது. "தலையைக் குனிங்க!" என்று பழக்கதோஷத்தில் கத்தினாள். அவரும் பழக்கதோஷத்தில் குனிந்தார். பிடரி முழுக்க இஞ்சிச்சாறு.

மறுநாள் மெக்கானிக்கோடு பணிமனைக் கூட்டாளிகள் நான்கு பேர் பார்க்க வந்தார்கள். ஆளுக்கொரு தம்ளர். ஒருவர் சாடியைக் காட்டி, "இதுக்கு வயசு என்ன ஆச்சு?" என்று கேட்டார். டிரைவர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். மெக்கானிக் கூரையைப் பார்த்தான்.

"பதினொண்ணு முடிஞ்சு பன்னெண்டு நடக்குது" என்றாள் சிஸ்டர். "கையைக் கழுவிட்டுத் தம்ளரைத் தொடுங்க."