எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது

இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் முடிந்து என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடுவதாகச் சொன்ன டாக்டர், இனிமேல் குத்தவைத்து உட்காரவே கூடாது என்றும் சொல்லிவிட்டார். செம்பூரில் எங்கள் ஆறாம் மாடி வீட்டில் இருந்ததோ தரையில் பதித்த பழைய கக்கூஸ். நாலு நாளில் அதைப் பெயர்த்துவிட்டு கமோடு வைத்தாக வேண்டும்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஒன்றும் தெரியாது என்கிற பயத்திலேயே எல்லாவற்றையும் நூறு தடவை கேட்பேன். தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தானே, டிரம்மை எங்கே வைப்பது? தரை வாட்டம் சரியாக வருமா? கீழ்வீட்டில் ஒழுகினால் யார் பேச்சு வாங்குவது?

பிளம்பர் தாராவிக்காரன், எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். "எக்கா, நீங்க பயந்தே கட்டடத்தை இடிச்சிருவிய போலிருக்கே. எங்கிட்ட விடுங்க" என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டான். கமோடு கிழக்குச் சுவரோடு. அந்தச் சுவருக்கு வெளியேதான் கட்டடத்தின் பைப்பெல்லாம் இறங்குகிறது. நேராக ஓட்டை போட்டுச் சேர்த்துவிடலாம், கீழ்வீட்டு சீலிங்கைத் தொடவே வேண்டாம். எனக்கு அது போதுமாயிருந்தது. சரியென்றேன். அன்றைக்கே பழைய கக்கூஸை உடைத்து, ஓட்டையையும் சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டான்.

சாயங்காலம் வீடியோ காலில் அவருக்குக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. எந்தப் பக்கம் பாத்து உக்காரணும்?"

முதுகு கிழக்குச் சுவரில். முகம் நேர் மேற்கே. ஹாலில் மக்காவை நோக்கித் தொழுகைப் பாய் விரிக்கிற அதே திசை.

"கிப்லாவப் பாத்தா என்னை உக்கார வைக்கப் போற?" அவர் சத்தம் போடவில்லை. "நான் இங்கேயே கிடந்துக்கிடுதேன்."

அஞ்சு வேளையும் அந்த வீட்டில் மேற்கே பார்த்துத் தொழுகிறவள் நான். ஒழுகுமா, ஒழுகுமா என்று கேட்ட வாய்க்கு இது ஒரு தடவை வரவில்லையே! என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருந்தது.

மறுநாள் பிளம்பரிடம் சொன்னேன். சிரித்தான்.

"கட்டடத்துக்குள்ள பரவாயில்லைன்னு உங்காளு ஒருத்தரே எங்கிட்ட சொல்லிருக்காரு எக்கா. அட்ஜஸ்ட் பண்ணுங்க."

"அவர உன் வீட்டு கக்கூஸ்ல உக்கார வை. இதுல இடுப்பொடிஞ்ச எங்க மச்சான்லா உக்காரணும்."

"அப்ப மேக்குச் சுவத்துல வைப்போம். முகம் கிழக்க வந்துரும்."

"முதுகு எங்க வரும்?"

மேற்கேதான். கக்கூஸில் உட்காரும்போது கிப்லாவுக்கு முகமும் ஆகாது, முதுகும் ஆகாது. பழைய ஓட்டையைத் திறக்கலாமென்றால், அந்த பைப் கீழ்வீட்டு சீலிங்குக்குள் போகிறது, அதைப் பிரிக்காமல் முடியாது. கீழே போய்க் கேட்டேன். புது சீலிங் போட்டிருந்த அந்த வீட்டு பாபி, "நை மத்லப் நை", இல்லையென்றால் இல்லை என்று என் முகத்திலேயே கதவைச் சாத்தினாள்.

மேலே வந்த வேகத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வடக்குச் சுவரோடு போட்டு உட்கார்ந்தேன்.

"இங்க வை. பின்னால அரையடி விட்டு பைப்பை வளைச்சு அதே கிழக்குச் சுவத்துக்குக் கொண்டு போ."

"வளைவுல அடைக்கும் எக்கா."

"அடைச்சா குத்துறதுக்கு நான் இருக்கேன்."

"அரையடி முன்னால வந்தா கதவு உங்க முட்டியில இடிக்குமே."

"வெளிய திறக்கிற மாதிரி மாட்டு."

"அது கார்பெண்டர் வேலை."

"மேற்க பாத்துக் கோடு போட்டது யாரு வேலைலே?"

"தலையாட்டுனது நீங்கதான?"

உண்மைதான். அதனால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. அவன் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கதவுக் கீலைத் திருகினேன். துருப்பிடித்த ஸ்க்ரூ அசையவில்லை, என் உள்ளங்கைதான் தோல் உரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்தவன், "தள்ளுங்க" என்று பிடுங்கிக்கொண்டான். இரண்டு நாளில் கமோடு வடக்குச் சுவரோடு உட்கார்ந்தது, கதவும் வெளியே திறந்தது.

வெள்ளிக்கிழமை வாக்கரைப் பிடித்தபடி உள்ளே போன அவர், உட்கார்ந்ததும் வலது கையை நீட்டி மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் ஒழுங்காக இறங்குகிறதா என்று காதை வைத்து நின்றேன்.

"வெளிய நிக்கியா? போ. நீ நின்னா எனக்கு வராது."

இவ்வளவு பாடுபட்டவளைப் போகச் சொல்கிறார். நான் போகவில்லை.