வாயை மூடி எடுத்த காது அச்சு

போன தை மாதம் போடியில், காது மெஷின் விற்கும் ஒரு கடையில் ஆரம்பித்த விஷயம் இது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

பகலில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை, முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழுவில் பாட்டு. இதுதான் என் பிழைப்பு. மேடையில் டிரம்ஸ் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது. அதனால் என் காதுக்கென்றே அளவெடுத்துச் செய்யும் இயர்போன் வாங்க ஆசைப்பட்டேன். காதுக்குள் பசை மாதிரி ஒன்றைச் செலுத்தி, இறுகியதும் எடுத்து, அந்த அச்சைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும்.

பாடுகிறவர்கள் பல்லுக்கு நடுவே ஒரு கட்டையைக் கடித்து, வாயைத் திறந்தபடியே அச்செடுக்க வேண்டும், தாடை அசைந்தால் காதுத் துளையின் வடிவம் மாறும் என்று சென்னையிலிருந்து போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். நான் அதைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் வெள்ளைக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார்.

"இருவது வருசமா காது பாக்குறேன். எனக்கே படிச்சுக் குடுக்கிறியாம்மா? வாய மூடிக்கிட்டு ஆடாம ஒக்காரு."

ஏலக்காய்க் கடையில் சூப்பர்வைசர் ஒரு வார்த்தை கூடப் பேசினால் விடமாட்டேன் நான். அந்தக் கோட்டுக்கு முன்னால் என்ன வந்ததோ, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பசை சில்லென்று காதுக்குள் இறங்கியது.

இயர்போன் வந்து சேர்ந்த வாரமே தேவாரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. முதல் பாட்டில் கீழ் சுரம் எல்லாம் அருமையாகக் கேட்டது. மேலே போக வாயை நன்றாகத் திறந்தேனோ இல்லையோ, காதில் இருந்த பிடி விட்டு டிரம்ஸ் சத்தம் உள்ளே புகுந்துவிட்டது. சுருதி போயிற்று. வாயை மூடினால் சரியாகிறது, திறந்தால் போகிறது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளையின் மாமா மேடைக்கே வந்து, "வேற ஆளு இல்லையாப்பா?" என்று கேட்டார். எனக்கு மானம் போய்விட்டது.

நேராகக் கீழே இறங்கினேன். பத்து வருடமாக எங்கள் குழுவுக்கு சவுண்ட் மிக்சர் பார்க்கும் அண்ணன் அங்கே இருந்தார். அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"அண்ணே, சோலி பாக்க வந்தீகளா, சோறு திங்க வந்தீகளா?"

அவர் பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து என் காலடியில் வைத்தார்.

"அதக் கழட்டிட்டு இதக் கேட்டுப் பாடு தாயி."

மீதிப் பாட்டுகளை அப்படித்தான் ஒப்பேற்றினேன். நிகழ்ச்சி முடிந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டு, இயர்போனை மாட்டச் சொல்லி, தன் போனில் ஒரு பாட்டை வைத்தார். "இப்ப வாயத் தெறந்து தெறந்து மூடு" என்றார். திறந்தால் பாட்டு மெலிந்தது, மூடினால் திரும்பி வந்தது. கோளாறு மிக்சரில் இல்லை, அச்சில் இருந்தது. 'பாத்தியா' என்றுகூட அவர் கேட்கவில்லை. வயரைச் சுருட்டி, ஜீப்பில் லோடு ஏற்றிவிட்டு, பந்தியில் உட்காராமலே கிளம்பிப் போய்விட்டார்.

மறுநாள் கடையில் நான் போட்ட சத்தத்துக்குத் தெருவே கூடியது. கட்டை கொடுத்து மறுபடி அச்செடுத்தார் அந்த ஆள். அப்போதும் "காது மெஷினுக்கு வாய மூடித்தாம்மா எடுப்போம்" என்றுதான் முனகினாரே தவிர, தன் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. நாசமாய்ப் போன அந்த இருபது வருட அனுபவத்தை இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடு தாயி" என்று முடித்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் அவர் பந்திக்கு வருவதில்லை. வீட்டிலிருந்து தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து, ஜீப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். புது இயர்போனில் என் குரல் இப்போது துல்லியமாகக் கேட்கிறது. ஆனாலும் அந்தத் தூக்குவாளி கண்ணில் படும்போதெல்லாம், தப்புச் செய்தவர் முன்னால் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, திருப்பிக் கத்தமாட்டார் என்று தெரிந்த மனிதரிடம் போய்க் கத்தியவள்தானே நான் என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.