அரம் ஏறாத கத்தி

சித்தூரில் நான் வேலை செய்யும் லாரி பட்டறையில், உடைந்த ஸ்பிரிங் பட்டைகள் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். இரண்டு வருடத்துக்கு முன், மாங்காய் சீசன் தொடங்கும் சமயத்தில், அதில் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கத்தி அடித்தேன். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

அடித்து முடித்த கத்தியைக் கொல்லையில் கரி மூட்டி, பழைய ஹேர் டிரையரால் ஊதிப் பழுக்கவைத்து, சூடாக்கிய கடலை எண்ணெயில் முக்கினேன். ஆறியதும் அரத்தை எடுத்து விளிம்பில் இழுத்துப் பார்த்தேன். அரம் கடிக்கவே இல்லை, கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கியது. அந்தச் சத்தம் பிடித்துப்போய் இன்னும் நாலைந்து முறை இழுத்தேன்.

அரம் அப்படி வழுக்கினால் இரும்பு நன்றாகக் கெட்டிப்பட்டுவிட்டது என்று பொருள். ஆனால் அந்த நிலையில் அது உடைந்து தெறிக்கும். மறுபடி மிதமான சூட்டில் இரண்டு மணி நேரம் வாட்டினால்தான் உழைக்கும். இதுவும் அதே வீடியோவில் இருந்தது. எங்கள் தெருவில் கேக் செய்து விற்கும் ஓர் அம்மாவிடம் ஓவன் இருந்தது. அதில் கத்தியை வைக்கக் கேட்கக் கூச்சப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமையே அக்கா வந்துவிட்டாள். குடிபாலாவில் தனியாக இருப்பவள். சீசனில் மாம்பழக் கூழ் கம்பெனியில் பழம் நறுக்கப் போவாள்.

"கம்பெனி கத்தி மொக்கையா கீதுடா. பழம் நசுங்கிப் போவுது. உன்னுது ஆயிட்சா?"

"ஆயிட்சிக்கா. இங்க பாரு, அரம் கூட ஏறல" என்று அவள் எதிரிலும் இழுத்துக் காட்டினேன். பெருமையாகச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போனாள். இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் கொட்டையில் பட்டு விளிம்பில் ஒரு சில்லு தெறித்தது. பொடி அரிசி அளவு. வேறு யாரும் கவனிக்கவில்லை. அவளேதான் பார்த்து, கையைத் தூக்கி, பழம் ஓடும் பெல்ட்டை நிறுத்தச் சொன்னாள். தேடியும் துண்டு கிடைக்காததால் அந்தத் தொட்டிக் கூழ் முழுவதையும் கொட்டினார்கள். "ரேபட்னிஞ்சி ராவத்தம்மா" என்று, நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதைத் தெலுங்கில் சூப்பர்வைசர் நிதானமாகச் சொன்னாராம். மறுநாளிலிருந்து அவள் போகவில்லை.

கத்தியைத் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீ நல்லாத்தான் பண்ணிக் குட்த்த. என் கைதான் பலமா அமுத்திட்சி. பாழாக்கிட்டேன்" என்றாள்.

"பரவால்லக்கா" என்றேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது. செய்யாத தப்புக்கு அவளை மன்னித்து அனுப்பியிருக்கிறேன். அவள் போனதும் அரத்தை எடுத்து, தெறித்த இடத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தேன். முதல் நாள் போலவே வழுக்கியது.

இரண்டு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பரங்கிக்காயை என் பக்கம் நகர்த்தி, "நீயே நறுக்கு. என் கை இப்ப சரியில்ல" என்றாள்.

"இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல. கத்தி புடிச்சா பயமா கீது. எவ்ளோ அமுத்தறேன்னே தெரியல."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஓவனில் வாட்டாமல் விட்டதை, தெறிக்கும் என்று தெரிந்தே கொடுத்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே பரங்கிக்காயை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேல போனது போட்டும். இத்தினி நாளு என் கையையே திட்டிக்கினு இருந்தேனே. அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

பரங்கிக்காயை மடியிலிருந்து எடுத்து மூலையில் வைத்தாள். சமையல் முடிந்ததும், "துன்னுட்டுப் போ" என்று தட்டு வைத்தாள். குழம்பில் காய் இல்லை.

அடுத்த சீசனில் திருப்பதி ரோட்டில் வேறொரு கம்பெனிக்குச் சேர்ந்தாள். அங்கே நறுக்கும் பக்கம்தான் ஆள் தேவைப்பட்டது. இவள் கேட்டு வாங்கிக்கொண்டது டின்களைத் துடைத்து அடுக்கும் வேலை. இந்த சீசனும் அதற்குத்தான் போகிறாள்.